ஐந்தாவது உறுப்பினர் ஒத்திவைக்கக் கோருகிறார்

தாரிணி இறந்து பதினோரு மாதங்களுக்குப் பிறகு அவளை இணையச் சூதாட்ட ஒழுங்குமுறை வாரியத்தின் உறுப்பினராக நியமிக்க முடிவு செய்தார்கள். கணவன் என்ற முறையில் என் சம்மதம் வேண்டும். வாரியத்தின் செயலாளர் முபாரக் அதற்காக வீட்டுக்கே வந்தார்.

நாற்காலியில் துவைத்த துணி கிடந்தது. எடுத்துக் கட்டிலில் போட்டேன். உட்கார்ந்தார்.

"மொத்தம் அஞ்சு பேர் சார். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஒரு மனநல மருத்துவர். நிதித்துறையிலிருந்து ஒருத்தர். ஆட்டக் கம்பெனிகள் சார்பா ஒருத்தர். அஞ்சாவது இருக்கை பாதிக்கப்பட்டவங்களுக்கு."

"உயிரோட இருக்கிறவங்க யாரும் கிடைக்கலையா?"

"மூணு பேரை வச்சுப் பாத்தாச்சு. முதல்ல வந்த அம்மாவோட பையனுக்குக் கம்பெனியிலயே வேலை போட்டுக் கொடுத்துட்டாங்க. ரெண்டாவது ஆள், நாலு கூட்டத்துக்கு அப்புறம், கம்பெனிக்காரங்க பக்கமும் நியாயம் இருக்குன்னு பேச ஆரம்பிச்சுட்டார். மூணாவது ஆள் கூட்டம் நடக்கும்போதே மேசைக்கு அடியில ஃபோனை வச்சு ஆடிட்டிருந்தார்."

நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"கடைசியில நீதிமன்றம் ஒரு முடிவுக்கு வந்துடுச்சு. செத்தவங்களை யாரும் விலைக்கு வாங்க முடியாதுன்னு."

அதைச் சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனிதர்தான்.

"இது அவங்க இல்ல சார். அவங்க ஃபோன்ல இருந்தது, பேசினது, ஆட்டத்துல எந்தச் சீட்டை எப்ப போட்டாங்க, எவ்வளவு நேரம் யோசிச்சாங்க, எல்லாத்தையும் வச்சுக் கணினியில உருவாக்கினது. அவங்க இருந்தா என்ன முடிவெடுப்பாங்களோ அதை எடுக்கும்."

"பேசுமா?"

"பேசும். கூட்டத்துல மட்டும்."

"குரல்?"

"அவங்க குரல்தான்."

"என்கிட்ட பேசுமா?"

"கூடாது சார். குடும்பத்து ஆளுங்க உறுப்பினர் மனசை மாத்திடக் கூடாதுல்ல. பார்வையாளர் வரிசையில நீங்க வந்து உட்காரலாம். அவ்வளவுதான்."

நீதிமன்றம் அந்த இருக்கையை ஒரே ஒரு விதிக்காக உருவாக்கியிருந்தது. காத்திருப்பு விதி என்று பெயர். ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. அது நிறைவேறும் நாளில் இருக்கை முடியும். தாரிணியின் தரவுகள் அழிக்கப்படும்.

"நிறைவேறலைன்னா?"

"நிறைவேறுற வரைக்கும் இருப்பாங்க சார்."

காப்பாளர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்திட்டேன்.

*

வாரியம் நந்தனத்தில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம். நான் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுத் தாம்பரத்திலிருந்து போவேன்.

தாரிணியின் இடத்தில் நாற்காலி இல்லை. மேசை மேல் ஒரு கறுப்பு ஒலிபெருக்கி. முன்னால் பெயர்ப்பலகை. திரையில் முகம் காட்டினால் மற்றவர்கள் இரக்கப்பட்டுவிடுவார்கள் என்று கம்பெனிகளின் பிரதிநிதி கிரிதர் ஆட்சேபித்திருந்தார். ஆகவே குரல் மட்டும்.

ஒவ்வொரு கூட்டமும் ஒரே மாதிரித் தொடங்கும். மருத்துவர் வசந்தகோகிலம், போன கூட்டத்துக்குப் பிறகு ஆட்டத்தால் உயிரைவிட்டவர்களின் பெயர், ஊர், வயது வாசிப்பார். அடுத்து முபாரக் ஒவ்வொருவராகக் கேட்பார்: இன்றைய பொருள்களில் உங்களுக்குச் சொந்த நலன் ஏதும் உண்டா? ஒவ்வொருவரும் "ஏதுமில்லை" என்பார்கள். கம்பெனியில் சம்பளம் வாங்கும் கிரிதரும் "ஏதுமில்லை" என்பார். கம்பெனி நலனைப் பேசத்தான் அவரை நியமித்திருக்கிறார்கள். ஆகவே அது சொந்த நலன் ஆகாது. அப்படித்தான் விளக்கம்.

முதல் கூட்டத்தில் ஐந்தாவதாக அவள் குரல் வந்தது.

"ஏதுமில்லை."

ஒரு வார்த்தை. என் பக்கத்தில் ஒரு செய்தியாளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். வேறொன்றும் நடக்கவில்லை.

தலைவர் பிரிசில்லாவும் மருத்துவரும் விதிக்கு ஆதரவு. கிரிதரும் நிதித்துறைக்காரரும் எதிர்ப்பு. ஆட்டத்துக்கு விதிக்கும் வரியில்தான் பள்ளிகளில் காலை உணவு போடுகிறோம் என்றார் நிதித்துறைக்காரர். அதுவும் உண்மைதான். முடிவு தாரிணியின் கையில் இருந்தது.

பொதுமக்கள் கூட்டத்துக்கு ஒரு கேள்வி எழுதிக் கொடுக்கலாம். விதி சம்பந்தமாக இருக்க வேண்டும். உறுப்பினரிடம் பெயரைச் சொல்ல மாட்டார்கள். எண் மட்டும் போகும். படிவம் வாசல் மேசையில் கிடந்தது. நான் ஒன்றை எடுத்தேன்.

'ஆட்டத்தின் நடுவில் வீட்டில் இருப்பவர் அழைத்தால் ஆட்டக்காரர் என்ன சொல்வார் என்பதை ஐந்தாவது உறுப்பினர் விளக்க வேண்டும்.'

முபாரக் வாசித்தார்.

"'இதோ வந்துட்டேன், அஞ்சே நிமிஷம்' என்று சொல்வார்" என்றாள் தாரிணி. "அழைத்தவர் மறுபடியும் கூப்பிட்டால், 'நீ படு, நான் வரேன்' என்று சொல்வார்."

வாரியத்தில் பேசும்போது எழுத்துத் தமிழில்தான் பேசினாள். அந்த இரண்டு இடங்களில் மட்டும் வீட்டுக் குரல். எங்கள் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த அதே தூரத்திலிருந்து வந்தது.

"இது பற்றிக் கூடுதல் விவரம் வேண்டும்" என்று முடித்தாள். "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கக் கோருகிறேன்."

உறுப்பினர் கோரினால் தலைவர் ஒத்திவைத்தாக வேண்டும்.

ரயிலில் உட்கார்ந்து அந்த வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தேன். நீ படு, நான் வரேன். இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

*

அடுத்த இரண்டு மாதம் என் வேலை ஒரு கேள்வி எழுதுவதாக இருந்தது. பகலில் கட்டட வரைபடங்கள் போட்டேன். ஓரத்தில் கேள்வியைத் திருத்தினேன். விதிக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். அதற்கு அவள் சொல்லும் பதிலில் எனக்கு வேண்டிய சொல் இருக்க வேண்டும்.

'வீட்டில் இருப்பவருக்குச் சந்தேகம் வராமலிருக்க ஆட்டக்காரர் என்ன உத்திகளைக் கையாள்கிறார்?'

"வாழ்க்கைத் துணை வீட்டுக்கு வரும் நேரத்தில் அவரை ஃபோனில் அழைத்து, 'சாப்பிட்டியாடா, எங்க இருக்க' என்று கேட்பார். அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காக."

எனக்குத் தெரியும். அவள் போன பிறகு அழைப்பு நேரங்களையும் ஆட்ட நேரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். தெரிந்துதான் கேட்டேன். சாப்பிட்டியாடா என்று என்னை யாரும் கேட்டு வெகு நாள் ஆகியிருந்தது.

"கூடுதல் விவரம் வேண்டும். ஒத்திவைக்கக் கோருகிறேன்."

இப்படி ஐந்து கூட்டங்கள் போயின. கோபத்தில் ஆட்டக்காரர் எப்படிப் பேசுவார் என்று கேட்டேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் எப்படிச் சமாதானப்படுத்துவார் என்று கேட்டேன். அந்தப் பதிலில் என் பெயர் வரப் பார்த்து, நின்று, "வாழ்க்கைத் துணையின் பெயரைச் சொல்வார்" என்று மாறியது.

ஐந்தாம் கூட்டம் முடிந்து நடைவழியில் தேநீர் கொடுத்தார்கள். கிரிதர் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார்.

"நீங்கதானே அவங்க வீட்டுக்காரர்?"

"ஆமா."

"கேள்வி நல்லா எழுதுறீங்க."

நான் கோப்பையை ஜன்னலோரம் வைத்தேன்.

"பயப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. இப்படியே போகட்டும். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது." தேநீரை ஊதிக் குடித்தார். "உங்களை விலைக்கு வாங்க எங்க ஆளுங்க கணக்கெல்லாம் போட்டு வச்சிருந்தாங்க. தேவையே படல பாருங்க."

அதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஆச்சரியப்பட்டுச் சொன்னார். அதுதான் வலித்தது.

ஆனாலும் ஆறாம் கூட்டத்துக்கு ஒரு கேள்வி எழுதினேன்.

*

ஏழாம் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, கையில் மடித்த அழைப்புக் கடிதம். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பதாகச் சொன்னார். பெயர் தங்கராசு.

"தம்பி பேரை இன்னிக்கு வாசிக்கறாங்களாமுங்க. குடும்பத்துல ஒருத்தர் வரலாம்னு கடுதாசி வந்துச்சு."

மருத்துவர் வாசிக்கத் தொடங்கினார். பதினான்கு பெயர்கள். ஒன்பதாவது: பூவரசன், நாமக்கல், இருபத்து நான்கு. தங்கராசு எழுந்து நின்றார். எதற்கு நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த பெயர் வாசிக்கப்பட்டதும் உட்கார்ந்தார்.

"விதி எப்பவோ வந்திருக்கணுமாமே" என்றார் என் காதருகே. "அஞ்சாவதா ஒரு அம்மா இருக்காங்களாம். அவங்கதான் தள்ளித் தள்ளிப் போடறாங்களாம். எங்களுக்காகப் பேச வந்தவங்கன்னாங்க. ஏனுங்க அப்படிச் செய்யறாங்க?"

"தெரியல."

"பூவு தோத்துப்போட்டு ராத்திரி பூரா ஆடியிருக்கறானுங்க. ஒரு நாள் உட்டிருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பான். எப்பவும் மறுநா காலைல வந்து சொல்லிப்போடுவானுங்க. அப்படி ஒரு பையன்."

என் சட்டைப் பையில் அன்றைய கேள்வியின் நகல் இருந்தது. படிவத்தை வாசலிலேயே கொடுத்துவிட்டேன். கடைசி நாள் காலையில், வேலைக்குப் புறப்படும் கணவரிடம் ஆட்டக்காரர் என்ன சொல்வார். அதைத்தான் கேட்டிருந்தேன்.

முபாரக் வழக்கம்போல் கேட்டு வந்தார். தலைவர், ஏதுமில்லை. மருத்துவர், ஏதுமில்லை. நிதித்துறை, ஏதுமில்லை. கிரிதர், ஏதுமில்லை.

"ஐந்தாவது உறுப்பினர்?"

"உண்டு" என்றாள் தாரிணி.

முபாரக் பேனாவை எடுத்தவர் அப்படியே பார்த்தார்.

"சொல்லுங்கள்" என்றார் தலைவர்.

"ஆறு கூட்டங்களில் எனக்கு வந்த ஆறு கேள்விகளும் ஒரே மனிதர் எழுதியவை. அவற்றுக்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர் பெயரை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிரிதர் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் அடுத்த முறையும் வர வேண்டும் என்பதற்காக ஒத்திவைக்கக் கோரினேன். விவரம் போதாமல் அல்ல. விவரம் முதல் கூட்டத்திலேயே போதுமானதாக இருந்தது. இடையில் மருத்துவர் வாசித்த பெயர்கள் தொண்ணூற்று ஒன்று."

"இன்று நீங்கள் வாக்களித்துவிடலாமே" என்றார் மருத்துவர் மெதுவாக.

"முடியாது டாக்டர். இன்றும் ஒத்திவைக்கத்தான் கோருவேன். அது எனக்குத் தெரியும். நிறுத்த முடியாதவள் என்பதால்தான் என்னை இங்கே உட்கார வைத்தீர்கள். அதனால் என் வாக்கை என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன்."

தங்கராசு என்னைப் பார்த்தார். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டார்.

முபாரக் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். உறுப்பினருக்குச் சொந்த நலன் இருந்தால் அன்றைய கூட்டம் முழுவதும் அவர் இடத்தில் காப்பாளர் அமர்ந்து வாக்களிக்க வேண்டும். உறுப்பினர் பேசலாம், வாக்களிக்க முடியாது. காப்பாளருக்கும் சொந்த நலன் இருந்தால் தீர்மானம் விழுந்துவிடும். ஓராண்டுக்கு மறுபடியும் கொண்டுவர முடியாது.

"தொழில் தரப்புக்கு ஆட்சேபனை உண்டா?" என்று கேட்டார் தலைவர்.

கிரிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நடைவழியில் பேசியதைச் சொல்லியிருந்தாலே தீர்மானம் விழுந்திருக்கும். கிரிதர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன் என்று அவருக்கு உறுதியாகத் தெரியும் என்று முகம் சொன்னது. ஓராண்டு மட்டும் போதாது, எப்போதைக்கும் வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கலாம். நான் எதிர்த்து வாக்களித்தால் விதியே போய்விடும்.

"ஆட்சேபனை இல்லை" என்றார்.

என்னை மேசைக்கு அழைத்தார்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

"திரு. நவநீதன், இந்தப் பொருளில் உங்களுக்குச் சொந்த நலன் ஏதும் உண்டா?"

"ஏதுமில்லை" என்றேன்.

தலைவர் பிரிசில்லா முப்பது ஆண்டு சாட்சிகளைக் கேட்டவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பதிவு செய்துகொள்ளுங்கள்" என்றார் முபாரக்கிடம்.

வாக்கெடுப்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆதரவு இருவர், எதிர்ப்பு இருவர். என் முறை வந்தது. பக்கத்தில் ஒலிபெருக்கியிலிருந்து மிக மெல்லிய இரைச்சல் கேட்டது. மூச்சு என்று நினைத்தேன். கருவியின் சத்தம்தான்.

"ஆதரவு."

கிரிதர் பேனாவை மூடி வைத்தார். பார்வையாளர் வரிசையில் தங்கராசு அழைப்புக் கடிதத்தை மேலும் சிறிதாக மடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் விதி அமலுக்கு வரும் என்று தலைவர் அறிவித்தார். அதுவரை ஐந்தாவது இருக்கை இருக்கும். முபாரக் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார்.

"ஒரே ஒரு பொருள் மீதி இருக்கு மேடம். கட்டடப் பராமரிப்பு. நாலாம் மாடி பால்கனியில புறாத் தொல்லை. வலை அடிக்கலாமா வேண்டாமான்னு முடிவெடுக்கணும்."

நிதித்துறைக்காரர் எழப் பார்த்தார். தலைவர் கையால் உட்காரச் சொன்னார்.

"உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை" என்றார். "காப்பாளரும் இன்று உறுப்பினர்தான். விவாதிக்கலாம்."

அவள் குரல் வந்தது. ஒலிபெருக்கி என் முழங்கைக்கு அருகே இருந்தது.

"வலை வேண்டாம் என்பது என் கருத்து. உறுப்பினர் நவநீதன் என்ன நினைக்கிறார்?"

"வலை அடிக்கலாம்" என்றேன். "எச்சம் போட்டு வச்சா யார் கழுவுறது?"

"உறுப்பினர் கழுவியிருக்கிறாரா?"

"கழுவியிருக்கேன். எங்க வீட்டு ஏசி பெட்டிக்கு மேல கூடு கட்டிச்சு. குச்சியால தள்ளிவிடலாம்னு போனேன். ஒருத்தர் விடல."

"அதில் முட்டை இருந்தது."

"ரெண்டு நாள் கழிச்சுத்தான் முட்டை வந்துச்சு. முன்னாடியே தள்ளியிருக்கணும். நீதான் ஒத்தக் கால்ல நின்ன."

"குச்சியை நீ ஒடிச்சுப் போட்டுட்டு ரெண்டு நாள் என்கூடப் பேசல. அதையும் பதிவு பண்ணச் சொல்லு."

முபாரக் எழுதவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"நவா" என்றாள். "அந்த முட்டை பொரிஞ்சுதா?"

அப்போதுதான் புரிந்தது. அவளுக்குத் தெரியாது. அவளுடைய தரவுகள் அவள் இறந்த அந்தச் செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டன. முட்டை பொரிந்தது அதற்கு அடுத்த வாரம். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் ஜன்னலோரமே நின்றுகொண்டிருந்தேன்.

"ரெண்டும் பொரிஞ்சுது. சின்னது ஒன்னு பிழைக்காதுன்னு நெனச்சேன். மஞ்சளா, முடியே இல்லாம. தாய்ப்புறா ரெண்டு நாள் வரல. கம்பு மாவைத் தண்ணியில கரைச்சு ஊத்தினேன்."

"நீயா?"

"ஆமா."

"அப்புறம்?"

"மாசக் கடைசியில ரெண்டும் பறந்து போச்சு. சின்னதுதான் முதல்ல."

தலைவர் குறிப்பேட்டைப் பார்த்தபடி, "வேறு யாராவது பேச வேண்டுமா?" என்று கேட்டார். கேட்டுத்தான் ஆக வேண்டும். யாரும் இல்லையென்றால் கூட்டத்தை முடித்தாக வேண்டும்.

கிரிதர் கையை உயர்த்தினார்.

"எனக்கு ஒரு சந்தேகம். புறா கூடு கட்டுறதுல இருந்து குஞ்சு பறக்குற வரைக்கும் முறையா தெரிஞ்சாத்தான் வலையைப் பத்தி முடிவெடுக்க முடியும். ஐந்தாவது உறுப்பினர் கொஞ்சம் விரிவா சொன்னா நல்லா இருக்கும்."

அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

தாரிணி சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொரு குச்சியாக, மிக மெதுவாகச் சொன்னாள்.